முருங்கைமரத்துக்கு மேலே செவ்வாய்

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நின்று தெற்கே பார்த்தால், முருங்கைமரத்துக்கு ஒரு முழம் மேலே செவ்வாய் கிரகம் இருக்கும். சிவப்பாக, கண் சிமிட்டாமல், ஒரே நிதானமாக இருக்கும். அம்மாதான் அதைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த நாளிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் அத்தை தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, கை நிறைய சிவப்பு அரளிப் பூவோடு அங்கே போய் நிற்பாள். பூவை மரத்தடியில் போட்டுவிட்டு விழுந்து கும்பிடுவாள். அன்றைக்கு அவளுக்கு உப்பில்லாத சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் எனக்கும் கொஞ்சம் ஊட்டுவாள். எனக்கு அதில் பெரிய குறை ஒன்றும் தெரிந்ததில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. அப்பாவுக்கு நெய்வேலி மைன்ஸில் வேலை கிடைத்து எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தபோது, ஊரில் தனியாக விட முடியாதென்று அவளையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவளுக்குச் செவ்வாய் தோஷம். பிறந்தபோதே ஊர் ஜோசியர் கணித்துச் சொல்லிவிட்டார். தோஷம் உள்ள பெண்ணை அது இல்லாதவன் கட்டினால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். இரண்டு பேருக்கும் இருந்துவிட்டால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடுமாம். அப்படி ஒரு மாப்பிள்ளை எங்கள் வட்டாரத்தில் அகப்படவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைச் சாப்பிட்டு, பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பத்து நாள் கழித்து வேறு யார் மூலமாகவோ வேண்டாமென்று தகவல் வரும்.

கடைசியில் நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் இடம் வந்தது. அவருக்கு மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூத்த பெண்ணே கல்யாண வயதில் இருந்தாள். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டாம் தாரமாகக் கொடுத்தால் தோஷம் பார்க்க வேண்டியதில்லை. செவ்வாய் எடுத்துக்கொள்ள வேண்டியதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது என்று கணக்கு. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் போன பிறகு அத்தை ஏன் கிணற்றடிக் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. சித்திரை முடிவதற்குள் வேறு நல்ல இடம் அமையாவிட்டால் இதையே முடித்துவிடுவது என்று அப்பாவும் அம்மாவும் பேசி வைத்திருந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து குவார்ட்டர்ஸில் ஸ்டோர்ஸ் சார் இருந்தார். மைன்ஸ் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் பிளாக்கில் எல்லோரும் பின்பக்கம் கீரையோ கத்திரியோ போட்டிருந்தார்கள். அவர் மட்டும் ஒரு குழாய் வைத்திருந்தார். ஓர் ஆள் உயரம் இருக்கும். அடியில் வட்டமான கண்ணாடி. அதை மெட்ராஸில் யாரோ தேய்த்துக் கொடுத்ததாகச் சொல்வார். குழாயின் மேல்முனையில் பக்கவாட்டில் சின்னதாக ஒரு துவாரம். அதில்தான் கண்ணை வைக்க வேண்டும். வானத்தைப் பார்க்கிற சாதனத்தில் வானத்துக்குப் பக்கம் காட்டி நின்று பார்க்க வேண்டியிருப்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. அதன் வழியாகக் கிரகங்களைப் போட்டோ எடுத்து, நெய்வேலி என்று பெயர் போட்டுப் பத்திரிகையில் வரவைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசையைப் பிளாக் முழுவதும் சொல்லி வைத்திருந்தார். பார்க்கத்தான் ஆள் வரவில்லை. "இந்தக் கொழாய்க்கே ஒரு பொண்ணப் பாத்துக் கெட்டி வச்சிருக்கலாம், எனக்கு ஒரு ரோதன மிச்சம்" என்று அவர் மனைவி அம்மாவிடம் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அத்தை கும்பிட்டுவிட்டு எழுந்தபோது வேலிக்கு மேலே ஸ்டோர்ஸ் சாரின் தலை தெரிந்தது.

"என்ன தங்கச்சி, யாரக் கும்புடுதிய?"

அம்மாதான் சொன்னாள், செவ்வாயை என்று. சார் முருங்கைமரத்தின் பக்கம் பார்த்தார். பிறகு, ஆள் கிடைத்த சந்தோஷத்தில், வாங்க மைனி, பக்கத்தில் பார்ப்போம் என்று எங்களை வேலித் திறப்பு வழியாக அழைத்துக்கொண்டு போனார்.

முதலில் அத்தை பார்த்தாள். உடனே தலையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு அம்மா. அவளும் தலையைத் தூக்கிக்கொண்டாள். என்னை ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நிற்க வைத்தார்கள். துவாரத்துக்குள் வெளிச்சமான ஒரு வட்டம். அதில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு சிவப்பு விளக்கு. பக்கத்தில் இரும்பு ஏணி. ஏணியில் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் தலைகீழாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழாய் எதையும் தலைகீழாகத்தான் காட்டும் என்று சார் சொன்னார். இருந்தாலும் டீ மேலே சிந்தாமல் இருந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மைன்ஸில் வெட்டுகிற மண் பெல்ட்டில் ஓடி வந்து சேருமிடத்தில், அதை அள்ளி வீசி மலை மலையாகக் குவிக்கிற ராட்சத மிஷின் ஒன்று உண்டு. ஸ்ப்ரெடர் என்பார்கள். அதன் உச்சியில் எரிகிற விளக்கு அது. பகலில் தூசியில் மிஷினே தெரியாது. மண்மேடு வளர வளர மிஷின் மெல்ல மெல்ல நகரும். அதைத்தான் அம்மா, கிரகம் ராசி மாறுகிறது, தண்ணீர் டேங்க் பக்கமிருந்து முருங்கைமரத்துக்கு வந்துவிட்டது, இனி நல்ல காலம் என்று கணித்திருந்தாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவுக்குச் சோறு போடும்போது அத்தைதான் விஷயத்தைச் சொன்னாள். அப்பா பிசைந்த கையை நிறுத்திவிட்டார். அவர் வேலை செய்தது அந்த மிஷினில்தான்.

"நடுவுல ரெண்டு வாரம் எரியாம இருந்திருக்குமே?"

ஆமாம் என்றாள் அம்மா. செவ்வாய்க்குக் கோபம் என்று நினைத்து அந்த இரண்டு செவ்வாய்க்கிழமையும் அத்தையைப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வைத்திருந்தாள்.

"செவப்பு பல்பு இல்லன்னு ஸ்டோர்ஸ்ல இழுத்தடிச்சாங்க. அப்புறம் நான்தான் ஏறி மாட்டனேன்."

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. அம்மா அவளைத் திட்டத் தொடங்கி, பாதியில் தானும் சிரித்துவிட்டாள். ஏணியில் டீ குடித்தவர் அப்பாவாகவே இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் அம்மாவுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் கும்பிட்டது விளக்கை என்றால் நிஜச் செவ்வாய்க்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. அது எங்கே இருக்கிறது என்று ஸ்டோர்ஸ் சாரையே கேட்டாள். அவர் கிழக்கே கையைக் காட்டினார். அந்த வருஷம் செவ்வாய் பூமிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்ததாம். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் சார் வீட்டு மாமரத்துக்கு மேலே ஏறி நின்றது. முருங்கைமரத்து விளக்கு அளவுக்குக்கூடச் சிவப்பில்லை. ஆரஞ்சு மிட்டாயைச் சப்பித் துப்பினால் இருக்குமே, அந்த நிறம்.

அத்தை அன்று குழாயில் வெகுநேரம் பார்த்தாள்.

"இம்மாந்தானா, அண்ணி," என்றாள் அம்மாவிடம். "இத்தினியூண்டு இருந்துகினுதான் இவ்ளோ பண்ணுதா."

"வாய அலம்புடி மொதல்ல," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அத்தை விழுந்து கும்பிடவில்லை. ஆனால் தினமும் பார்க்கப் போனாள். சாருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கேமராவை அந்தத் துவாரத்தில் பொருத்திப் படம் எடுக்கும்போது, பொத்தானை அமுக்கினாலே குழாய் ஆடிவிடும். படம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். குழாயின் வாயை ஒரு கறுப்பு அட்டையால், குழாயைத் தொடாமல் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சார் கேமராவைத் திறந்து வைத்துவிட்டு, ஆட்டம் அடங்கியதும் "தூக்கு" என்பார். அட்டையை எடுக்க வேண்டும். "மூடு" என்றதும் மறுபடி மறைக்க வேண்டும். அவர் மனைவி கை நடுங்குகிறது என்று மறுத்துவிட்டார். அத்தைக்குக் கை நடுங்கவில்லை. சார் மனைவி ஒரு முக்காலியைப் போட்டுக் காவல் மாதிரி உட்கார்ந்து கீரை ஆய்வார். என் வேலை, அசையாமல் உட்கார்ந்திருப்பது. யார் நடந்தாலும் தரை அதிரும். யாரோடும் பேசாமல் ஓரிடத்தில் உட்காருவது எனக்கு இயற்கையாகவே வரும். அதை ஒரு வேலையாக எண்ணி என்னைப் பாராட்டியவர் ஸ்டோர்ஸ் சார் ஒருவர்தான்.

இப்படி இருக்கும்போது மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகச் சைக்கிள் கடை. இருபத்தைந்து வயது. முதல் கல்யாணம். ஜாதகம் கேட்கவில்லை, பெயர்ப் பொருத்தம் போதும் என்றார்கள். தரகர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்களாகக் கேட்டால் ஒழிய தோஷப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் நெல்லிக்குப்பம்தான் என்றாள் அம்மா. சித்திரையில் மிச்சமிருந்தது ஒரு வாரம். அப்பா எழுந்து போய் முகம் கழுவினார். எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் முதலில் செய்வது முகம் கழுவுவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் கழிந்து ஆறு மணிக்கு மேல் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, இன்னும் ஒரு சித்தப்பா. கூடவே மிகவும் வயதான ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காது கேட்காது. பல்லும் இல்லை. அவருக்கு மட்டும் பஜ்ஜிக்குப் பதிலாகக் கேசரி கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாத்தா என்று நினைத்துக்கொண்டேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். புதிதாக யார் வந்தாலும் அதுதான் என் இடம்.

மாப்பிள்ளையின் அம்மா அதிகம் பேசவில்லை. பெரிய குங்குமப் பொட்டு. வெற்றிலைக் காவி ஏறிய பல். அத்தை காபித் தட்டோடு வந்து நின்றபோது அவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்.

"கை நடுங்கலயே," என்றார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரத்தில்தான் பின்பக்கம் வேலியிலிருந்து ஸ்டோர்ஸ் சாரின் குரல் கேட்டது. வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பதெல்லாம் மேலே.

"அண்ணாச்சி, செவ்வா இன்னைக்குப் பிரமாதமா இருக்குல்லா. தங்கச்சிய வரச்சொல்லுங்க. அவ இல்லாம இந்தச் செவ்வாயோட ஒண்ணும் செய்ய முடியாது."

கேசரி சாப்பிடுகிறவர் மட்டும் கரண்டியால் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஓடுகிற பெல்ட் திடீரென்று நின்றுபோனால் மைன்ஸில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்ப்பார்களாம். அப்படித்தான் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"இன்னா செவ்வா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா முந்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு சாருக்கு இது ஒரு பைத்தியம், வானத்தை போட்டோ எடுக்கிறார், எங்கள் பிள்ளை ஒத்தாசைக்கு அட்டை பிடிக்கிறாள், அவ்வளவுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சொன்ன விதத்தில் எனக்கே அது அவ்வளவுதான் என்று தோன்றியது. சித்தப்பாக்காரரும் சிரித்தார். பேச்சு பஸ் நேரத்துக்குத் திரும்பியது. அப்பா மூச்சு விட்டது எனக்குக் கதவுக்குப் பின்னால் கேட்டது.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "நானும் பாக்கறேன் அத," என்றார்.

வேண்டாமென்று எப்படிச் சொல்வது. அம்மா, அத்தை, அந்தம்மா, பின்னால் நான். வேலித் திறப்பு வழியாகப் போனோம். சாருக்கு ஒரே சமயத்தில் இத்தனை பேர் வந்தது தாங்க முடியாத பெருமை. துவாரத்தில் கண்ணை எப்படி வைக்க வேண்டும், மூச்சை எப்படி அடக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். அந்தம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை. செவ்வாய் வட்டத்தைவிட்டு நகர்ந்து போய்விடும், குழாயைத் திருப்பித் திருப்பி அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். "நகந்துடுச்சு," என்பார். சார் திருப்பிக் கொடுப்பார். மறுபடி குனிவார். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நீ எதுக்கு இதத் தெனம் வந்து பாக்கற?"

அத்தையைத்தான் கேட்டார். அம்மா அவசரமாக, அதுதான் சொன்னேனே, சாருக்கு ஒத்தாசைக்கு, என்றாள்.

"அது அட்டயப் புடிக்கற கைக்கு. நான் கண்ணக் கேக்கறேன். நீ சொல்லு."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று விரலை ஆட்டியது எனக்குத் தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்கு இருக்குதுங்க," என்றாள் அத்தை. "செவ்வா தோஷம். அதான், எது என்னப் புடிச்சி வெச்சிருக்குதுன்னு பாத்துக்கினு இருந்தேன்."

சார் மனைவியின் கையிலிருந்த கீரை முறத்தில் விழுந்தது. அம்மா மாமரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். நெல்லிக்குப்பத்துக்காரர் இனிமேல் பிஸ்கட்டோடு அடிக்கடி வருவார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தம்மா மெல்ல நிமிர்ந்தார். "இது எவ்ளோ தூரத்துல இருக்குது?" என்று சாரைக் கேட்டார். சார் இதற்காகவே காத்திருந்தவர்போல, கோடி கோடியாக மைல் என்று ஆரம்பித்து, ரயிலில் போனால் எத்தனை தலைமுறை ஆகும் என்பதுவரை சொன்னார்.

"ம். அவ்ளோ தூரத்துலருந்து குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கூர வூட்டுக்கு வழி கண்டுபுடிச்சி வந்துச்சு பாரு," என்றார் அந்தம்மா.

எங்கள் வீட்டுக்குக் கூரை கிடையாது, மாடி போட்டது. இவர்கள் ஊரும் குறிஞ்சிப்பாடி இல்லை. அந்தம்மா ஏதோ குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் துவாரத்துக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். அந்தக் கண்ணாடியில் யார் விரல் பட்டாலும் சார் பதறுவார். அன்றைக்கு என்னவோ பதறவில்லை. பனி இறங்கிக் கண்ணாடி நனைந்துவிட்டது போல என்று பிறகு என்னிடம் சொன்னார். சித்திரை மாதத்தில் பனி ஏது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அந்தம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இத உள்ள போயி யாரும் சொல்லிக்கினு இருக்க வேணாம். எம்புள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"யக்கா, ஆயுசு விசயம்," என்றாள் அம்மா. இவ்வளவு நாளும் மறைக்கத் துடித்தவள், இப்போது தானே எடுத்துச் சொன்னாள். "நாள பின்ன ஒண்ணுன்னா எங்கள சொல்லக்கூடாது."

"ஆயுசா," என்றார் அந்தம்மா. வேலித் திறப்பு வழியாக எங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்த வயதானவர் தெரிந்தார். "தோ குந்தியிருக்கறாரே, அவரக் கேளு. முப்பது வருசமாச்சு, இன்னும் ரெண்டாந்தரம் கேசரி கேக்கறாரு."

அம்மா அவரைப் பார்த்தாள். அந்தம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு அப்போது ஏதோ புரிந்திருக்க வேண்டும். அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாருக்கு இதெல்லாம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. செவ்வாய் நல்ல உயரத்தில் இருக்கிறது, படம் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று கேமராவைப் பொருத்த ஆரம்பித்துவிட்டார். அத்தை பட்டுப்புடவையோடு கறுப்பு அட்டையை எடுத்துக்கொண்டு குழாயின் வாயருகே போனாள். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். "தூக்கு" என்றார் சார். அட்டை மேலே போயிற்று. "மூடு" என்றார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அத்தையின் கை நடுங்கிப் பார்த்தேன்.

வீட்டுக்குள் திரும்பியதும் அந்தம்மா யாரையும் கலந்துகொள்ளாமல், தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சித்தப்பாக்காரர் சரி என்றார். வயதானவர், "பஸ்சு வந்துடுச்சா?" என்று கேட்டார். அப்பா எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். வெகுநேரம் முகம் கழுவினார். அம்மா போய்த் துண்டு கொடுத்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு, மிச்சமிருந்த கேசரியை நாங்கள் நாலு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். தட்டைக் கழுவாமலே அத்தை சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். யாரும் எழுப்பவில்லை. தெற்கே முருங்கைமரத்துக்கு மேலே ஸ்ப்ரெடர் விளக்கு எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்து, பழக்கத்தில், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

படத்தைக் கழுவக் கொடுத்த ஸ்டூடியோவில் ஒரு கூத்து நடந்தது. அந்த ஸ்டூடியோக்காரர் நல்ல வேலைக்காரர். போட்டோவில் தூசி விழுந்து வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மெல்லிய பிரஷ்ஷில் மை தொட்டு அதை மறைத்துவிடுவார். ஸ்டோர்ஸ் சாரின் படங்கள் எல்லாவற்றிலும் நட்டநடுவே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்திருக்கிறது. அத்தனையையும் மை வைத்து மறைத்துக் கொடுத்துவிட்டார். சார் உறையைப் பிரித்தால் வரிசையாக வெறும் கறுப்பு.

"புள்ளி எங்கய்யா?"

"தூசி சார். சுத்தமா எடுத்துட்டேன். வேற ஒண்ணுமே விழல, லென்சு மூடியக் கழட்டாம எடுத்துட்டீங்க போல."

சார் அன்று சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். நல்லவேளையாக நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. மறுபடி பிரிண்ட் போட்டார்கள். அத்தையின் கை நடுங்கிய அன்றைக்கு எடுத்ததுதான் இருப்பதிலேயே நன்றாக வந்திருந்தது. பத்திரிகைக்கு அனுப்பினார், வரவில்லை. அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். பந்தலில் கைமாறிக் கைமாறிப் போன அந்தப் படத்தை எல்லோரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கத்தில்தான் படம் இருக்கிறதோ என்று சிலர் அட்டையைத் தட்டிப் பார்த்தார்கள்.

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. மேல்பட்டாம்பாக்கத்தில் மாமாவின் சைக்கிள் கடையில் கொண்டுபோய் விட்டார்கள். சாப்பாடு அத்தை கையால். அந்த வீட்டின் முன்கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தப் படம் தொங்கியது. மாமாவின் அம்மா தினமும் சாமி படங்களைத் துடைத்த பிறகு அதையும் துடைப்பார். ஆனால் பூ வைக்கமாட்டார்.

ஒருநாள் மத்தியானம் அவருடைய பிறந்த ஊரான குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும்போது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, சட்டமெல்லாம் போட்டு வெறும் கருப்ப மாட்டி வெச்சிருக்க?" என்று கேட்டார்.

அந்தம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்.

"நடுவுல நல்லா பாரு, ஒரு பொட்டு தெரியும். அவருதான் என்னக் கட்டிக்குடுத்தவரு."

சொந்தக்காரர் வெடித்துச் சிரித்தார். அத்தை அடுப்படியிலிருந்து சிரித்தாள். சாய்வு நாற்காலியில் கிடந்த பெரியவர், காதில் ஒன்றும் விழாவிட்டாலும், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துப் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தார். அவர் மாமாவுக்குத் தாத்தா இல்லை, அப்பா என்பது அந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அவருக்கு ஒரு மூத்த தாரம் இருந்து இறந்தாள் என்பதும், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கூரை வீடு ஒன்றில் தோஷக்காரி என்று ஒதுக்கி வைத்திருந்த பதினெட்டு வயதுப் பெண்ணை அவருக்குக் கொடுத்தார்கள் என்பதும் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பஞ்சர் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்திருந்த நானும், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.